சுற்றினாலும் திறவாத குசினி யன்னல்

ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் வீடு 1980களில் கட்டியது. குசினியில் கழுவுதொட்டிக்கு மேலே உள்ள யன்னலுக்குப் பிணைச்சல் மேல் விளிம்பில். கீழ்ப்பக்கம்தான் வெளியே விரியும். மழையிலும் திறந்து வைக்கலாம். தொட்டியைத் தாண்டி எட்டித் தள்ள முடியாது என்பதால் சுற்றுபிடி வைத்திருக்கிறார்கள். மிளகாய் வறுக்கும் நாளில் அந்த யன்னல் இல்லாமல் குசினியில் நிற்க ஏலாது. அப்படியொரு நாளில்தான் பிடி சும்மா சுற்றியது, யன்னல் அசையவில்லை.

உடனே எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். பிடியை மட்டும் எடுங்கள். அதன் பக்கத்தில் சிறிய திருகாணி ஒன்று இருக்கும். வெளியே நீட்டியிருக்கும் தண்டைக் குறட்டால் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். யன்னல் நகர்ந்தால் தேய்ந்தது பிடியின் உட்பல். புதுப் பிடியோடு வேலை முடிந்தது. எனக்குத் தண்டு சுற்றியது, உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிடிக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் பற்சில்லுதான் போயிருந்தது.

பெட்டியைக் கழற்றுவதற்காகப் பக்கத்துப் பூட்டுகளைத் திறந்துவிட்டேன். மகன் வெளியே நின்று கீழ் விளிம்பை இழுத்தான். பெட்டியிலிருந்து யன்னலைத் தள்ளும் இரண்டு கைகளும் கழன்றதும் யன்னலைத் தாங்க எதுவும் இராது. படாரென்று விழுந்து விரலை நசுக்கும். எனவே முதலில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். கைகளின் நுனியில் நைலோன் உருளைகள். யன்னலின் அடியில் உள்ள தகட்டுப் பள்ளத்தில் அவை ஓடும். பள்ளத்தின் வாய் அகன்ற இடத்துக்குத் தள்ளினால் உருளை கழன்றுவிடும். பிறகு பெட்டியின் மூடியைச் சுற்றிப் படிந்த பழைய பெயின்றைக் கத்தியால் கீறி, மூடியை எடுத்து, பெட்டியின் திருகாணிகளைக் கழற்றலாம்.

பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கையின் அடியில் விசிறிபோல விரிந்த பல்வரிசை. அதை ஓட்டுவது புரி வெட்டிய தண்டு. மூன்றே மூன்று பற்கள் மழுங்கிப்போய், அவற்றின் தூள் கிறீசோடு கலந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது. மற்றப் பற்கள் புதிதுபோலவே இருந்தன. அந்த மூன்றும் யன்னல் மூடும் கடைசி நேரத்தில் பாரம் தாங்குபவை. எத்தனை பனிக்காலம் காற்றுப் புகாமலிருக்கப் பிடியை முறுக்கி இறுக்கியிருப்போம்!

புதுப் பெட்டி வாங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கைகள் கழன்ற நிலையில் யன்னலை வெறுங்கையால் ஆட்டிப் பாருங்கள். எங்களுடையது பாதியில் சிக்கியது. பிணைச்சலில் துருவும் பெயின்றும் இறுகியிருந்தன. சுரண்டி, துடைத்து, சிலிக்கன் ஸ்பிரே அடித்து, இலகுவாக ஆடும்வரை விடவில்லை. கிறீஸ் பூசினால் தூசி ஒட்டும். இறுகிய யன்னலில் புதுப் பெட்டியைப் பூட்டினால் அதன் பல்லும் இப்படித்தான் போகும்.

கடைக்குப் பழைய பெட்டியையே கொண்டுபோங்கள். வார்ப்பில் பதித்த எண், கைகளின் நீளம், திருகாணித் துளைகளின் இடைவெளி, தண்டு நீட்டும் பக்கம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். துளை 3 மில்லிமீற்றர் தள்ளியிருந்தாலும் பொருந்தாது.

எங்கள் மரச் சட்டத்தின் பழைய துளைகள் தளர்ந்திருந்தன. பல்லுக்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து அடைத்து, ஒரு இரவு காயவிட்டேன். மறுநாள் திருகாணிகளை அரைவாசி மட்டும் முடுக்கி, உருளைகளைப் பள்ளத்தில் ஏற்றி, இரண்டு தடவை முழுதாகத் திறந்து மூடினேன். பெட்டி தன் இடத்தில் படிந்த பிறகே முழுதாக இறுக்கினேன்.

இப்போது ரப்பர் பட்டி சட்டத்தைத் தொட்டதும் பிடியை நிறுத்திவிடுகிறோம். மீதி இழுவையைப் பக்கத்துப் பூட்டுகள் பார்த்துக்கொள்கின்றன.