கடைச் சுவருக்கு எந்த 'ஓப் வைட்'?

கடைக்குப் பெயின்ட் அடிக்கும்போது எம்மில் பலர், "ஏதாவது ஒரு கிரீம் நிறம் அடியுங்கள்" என்று பாஸிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறோம். நிற அட்டையைத் திறந்தால் கிரீம், தந்தம், பீஜ், ஓப் வைட் என்று பத்துப் பதினைந்து கட்டங்கள் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். நான்கு சுவரிலும் பூசிய பிறகே ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று ரோஸாகவும் தெரியவரும். அதற்குள் கூலியும் போய், கடை பூட்டிய நாட்களும் போயிருக்கும்.

வெள்ளைப் பெயின்டில் மஞ்சள், சிவப்பு, கறுப்புச் சாயங்களைச் சிறிதளவு கலந்தே இந்நிறங்கள் தயாராகின்றன. எந்தச் சாயம் மேலோங்கி நிற்கிறது என்பதை அறிய, அட்டையை ஒரு வெள்ளைத் தாள்மீது வைத்துப் பாருங்கள். அதே வரிசையிலுள்ள கடும் நிறத்தையும் பாருங்கள். மறைந்திருக்கும் சாயல் பெரும்பாலும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது வெளிச்சம். 2700 முதல் 3000 கெல்வின் வரையான 'வோர்ம் வைட்' குமிழ்கள் மஞ்சள் சாயலைக் கூட்டிக் காட்டும். 6500 கெல்வின் 'டேலைட்' குமிழின் கீழ் அதே சுவர் வெளிறித் தெரியும். ஆகவே குமிழைத் தீர்மானித்த பின்பே நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

சில அட்டைகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு 0 முதல் 100 வரையான எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். 80 உள்ள ஓப் வைட்டைவிட 60 உள்ள பீஜ் கடையை இருட்டாகக் காட்டும். ஜன்னல் இல்லாத ஒடுங்கிய கடைக்கு எண் கூடியதே நல்லது. இல்லாவிட்டால் குமிழ்களைக் கூட்ட நேரிடும், மின்கட்டணமும் ஏறும்.

புடவைக் கடைக்காரர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும் என்பேன். ரோஸ் சாயலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி வெள்ளைத் துணியிலும் படியும். வாங்குபவர் துணியை வாசலுக்கு எடுத்துச் சென்று பார்ப்பார். வீட்டில் வேறு நிறமாகத் தெரிந்தால் திருப்பிக் கொண்டும் வருவார்.

நான் சொல்லும் வழி இதுதான். இரண்டு நிறங்களில் சிறு டின் வாங்கி, இரண்டடிப் பலகைகளில் இரண்டு கோட் பூசிக் காயவிடுங்கள். காலை, பகல், இரவு மூன்று வேளையும் உங்கள் சரக்குக்கும் தரை டைலுக்கும் அருகே வைத்துப் பாருங்கள். முடிவெடுத்ததும் தேவையான முழு அளவையும் ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். எண்கள் வேறுபட்டால் எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பின்பே பூசச் சொல்லுங்கள். நிறக் குறியீட்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் சுவரைத் திருத்தும்போது உதவும்.

பலகைக்கும் சிறு டின்னுக்கும் ஆகும் செலவு, இரண்டாம் முறை பூசும் கூலியோடு பார்க்கையில் சொற்பமே.