இலவச விளையாட்டின் விலை: 'கென்ஷின் இம்பாக்ட்' ஒரு மதிப்பீடு

பள்ளி, கல்லூரி செல்லும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் 'கென்ஷின் இம்பாக்ட்' என்னும் பெயர் அடிக்கடி காதில் விழுவதுண்டு. சீனாவின் ஷாங்காய் நகரைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் உருவாக்கிய இந்த வீடியோ விளையாட்டு, 2020 செப்டம்பர் 28 அன்று கைப்பேசி, கணினி, பிளேஸ்டேஷன் ஆகிய மூன்றிலும் வெளியாயிற்று. 2021ஆம் ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த கைப்பேசி விளையாட்டுக்கான விருதையும் பெற்றது. இதைப் பதிவிறக்கக் கட்டணம் ஏதுமில்லை. இத்தனை பெரிய படைப்பை இலவசமாகத் தருவது எங்ஙனம் கட்டுப்படியாகிறது? இதன் நிறைகுறைகளை ஆராயும்போது அக்கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

நிறைகள்

கதை எளிமையானது. உலகங்களைக் கடந்து பயணம் செய்யும் இரட்டையரை அறியாத தெய்வம் ஒன்று பிரித்துவிடுகிறது. தனித்து விடப்பட்டவர், தம் உடன்பிறப்பைத் தேடி 'டெய்வாட்' என்னும் கற்பனை உலகில் அலைகிறார். அங்கே ஏழு நாடுகள். காற்று, பாறை, மின்னல், தாவரம், நீர், தீ, பனி என நாட்டுக்கொரு மூலகமும் அதற்கொரு தெய்வமும் உண்டு. ஒரு நாடு ஐரோப்பிய நகரத்தை நினைவூட்டும். இன்னொன்று சீன மலைநிலத்தை, மற்றொன்று ஜப்பானியத் தீவுகளை. கண்ணுக்கு எட்டும் மலை எதுவாயினும் அதன் மீது ஏறலாம்; உச்சியிலிருந்து சிறகு விரித்து மிதந்து இறங்கலாம்.

போர்முறையில்தான் இதன் நுட்பம் வெளிப்படுகிறது. நால்வர் கொண்ட குழுவில் ஒருவர் மாற்றி ஒருவரைக் களமிறக்கி, அவரவர் மூலகங்களை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். நீரில் நனைந்த எதிரியின் மீது பனி பட்டால் அவன் உறைந்து நிற்பான். புல்வெளியில் தீ பட்டால் அது பற்றிப் படரும். நீர்ப்பரப்பைப் பனியாக்கி அதன் மேல் நடந்தே அக்கரை சேரலாம். வெறும் விரல்வேகம் போதாது. எதனோடு எதைச் சேர்ப்பது என்னும் சிந்தனையும் வேண்டும்.

இசையைத் தனியே பாராட்ட வேண்டும். லண்டன் பில்ஹார்மோனிக், ஷாங்காய் சிம்பொனி போன்ற புகழ்பெற்ற இசைக்குழுக்கள் இதற்கு வாசித்துள்ளன. 2022 ஜனவரியில் பீகிங் நாடக மரபைச் சார்ந்த பாடல் ஒன்றும் இதில் இடம்பெற்றது. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம் ஆகிய குரல்பதிவுகளிலும் அப்பாடல் சீன மொழியிலேயே ஒலிக்கிறது. தம் மண்ணின் கலையை உலகெங்கும் உள்ள இளைஞர்களிடம் கொண்டுசேர்த்த அந்தத் துணிவு நமக்கும் பாடமாகும்.

குறைகள்

முதற்குறை, உரையாடல்களின் நீளம். கதைமாந்தர் ஒரே செய்தியைப் பலமுறை சொல்லிக்கொண்டிருப்பர். விளையாட்டின் கோப்புகளோ கைப்பேசியின் சேமிப்பிடத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. பரிசுகளைப் பெறுவதற்கு 'ரெசின்' என்னும் ஆற்றல் தேவை. அது 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறி, 200ஐத் தொட்டதும் நின்றுவிடும். எனவே நாள்தோறும் வந்து செலவழிக்காவிடில் இழப்பு என்ற எண்ணம் ஆடுபவரின் மனத்தில் வேரூன்றுகிறது. ஓய்வுக்காகத் தொடங்கிய ஆட்டம் கடமையாக மாறுவது இப்படித்தான்.

இவற்றினும் பெரிய குறை குலுக்கல் முறை. புதிய வீரர்களிற் பெரும்பாலோரைக் காசு கொடுத்து நேரே வாங்க இயலாது. 'வேண்டுதல்' எனப்படும் குலுக்கலில் கலந்துகொள்ள வேண்டும். ஒரு வேண்டுதலுக்கு 160 'பிரைமோஜெம்' செலவாகும். உயர்ந்த தரமான ஐந்து நட்சத்திர வீரர் ஒரு வேண்டுதலில் கிடைப்பதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு மட்டுமே. 90 வேண்டுதல்களுக்குள் ஒருவர் கிடைப்பது உறுதி என்றாலும், அவர் நாம் விரும்பியவராக இருப்பதற்கு ஏறத்தாழப் பாதி வாய்ப்பே உண்டு. முதல் முறை தவறினால், அடுத்துக் கிடைக்கும் ஐந்து நட்சத்திர வீரர் விரும்பியவராகவே இருப்பார்.

இனி நாம் கணக்குப் பார்ப்போம். அதிர்ஷ்டம் முற்றிலும் கைகொடுக்காத நிலையில் 180 வேண்டுதல்கள், அதாவது 28,800 ஜெம் தேவை. இவற்றைப் பணம் கொடுத்து நேரே பெற இயலாது. முதலில் 'கிரிஸ்டல்' வாங்கி, அதை ஜெம்மாக மாற்றி, பின்னரே வேண்டுதலுக்குச் செலவிட வேண்டும். அமெரிக்க விலையில் 99.99 டாலர் மதிப்புள்ள மிகப்பெரிய தொகுப்பில், முதல் முறை வாங்குவோருக்கான சலுகை நீங்கலாக, 8,080 கிரிஸ்டல் கிடைக்கும். ஆகவே அத்தகைய நான்கு தொகுப்புகள் வேண்டும். ஒரே ஒரு வீரருக்கு ஏறத்தாழ 400 டாலர். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல்! அவரது முழு ஆற்றலையும் பெற, அதே வீரர் மேலும் ஆறு முறை கிடைத்தாக வேண்டும். ரூபாய் கிரிஸ்டலாகி, கிரிஸ்டல் ஜெம்மாகும்போது செலவின் அளவு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. இலவசம் என்பதன் இரகசியம் இதுவே.

இக்குறையை அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் கவனித்தது. குலுக்கலின் உண்மையான செலவு குறித்துச் சிறுவர்களைத் தவறாக வழிநடத்தியதாக அது குற்றம் சாட்டியது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டின்படி, விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்த இசைந்தது. 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலின்றிக் குலுக்கல்களை விற்கலாகாது என்பதும் அவ்வுடன்பாட்டின் பகுதியாகும். குற்றச்சாட்டுகள் பலவற்றை நிறுவனம் ஏற்கவில்லை.

பொறுத்தவருக்கே பலன்

நேர்மையாகச் சொல்வதெனில், ஒரு ரூபாய் கூடச் செலவிடாமல் முதன்மைக் கதை முழுவதையும் ஆடி மகிழலாம். பிறரை வென்றாக வேண்டிய போட்டி இதில் இல்லை. அன்றாடப் பணிகள் நான்கை முடித்தால் 60 ஜெம் சேரும். புதிய இடங்களைத் தேடிக் கண்டால் மேலும் கிடைக்கும். சேர்த்த ஜெம்களைச் சிதறவிடாது, விரும்பிய வீரர் வரும்வரை காத்திருப்பவர் பயனடைகிறார். ஆசைப்பட்டதை அன்றே அடைய நினைப்பவர் பணத்தை இழக்கிறார். சிறுசேமிப்பின் அடிப்படைப் பாடமும் இதுவன்றோ?

ஆகவே, பிள்ளைகளிடமிருந்து இவ்விளையாட்டைப் பறிக்க வேண்டியதில்லை என்பது எம் கருத்து. மேற்கண்ட கணக்கை அவர்களோடு அமர்ந்து, ரூபாயில் போட்டுப் பார்ப்பது நன்று. கைப்பேசியின் செயலிக் கடையில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்திடுக. அங்கே கார்டு விவரங்களைச் சேமித்து வைப்பதையும் யுபிஐ பின் எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்வதையும் தவிர்த்திடுக. கார்டின் இணையவழிப் பரிவர்த்தனைக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் உச்சவரம்பு விதிக்கவோ, அவற்றை முற்றிலும் நிறுத்திவைக்கவோ வாடிக்கையாளருக்கு வசதி உண்டு. விளையாட்டுக்கெனச் சிறுதொகை ஒதுக்குவதாயின், அது எவ்வளவு என்பதை மாதத் தொடக்கத்திலேயே பிள்ளைகளோடு பேசி முடிவு செய்திடுக. அந்த வரம்பு உறுதியாக இருப்பின், டெய்வாட்டின் மலைகளில் அவர்கள் கவலையின்றி ஏறி இறங்கட்டும்.