மதுரைக்கு ஒரு நாள் போதாது!

காலையில் மீனாட்சி தரிசனம், அப்படியே திருமலை நாயக்கர் மகால், நடுவில் ஒரு டம்ளர் ஜிகர்தண்டா, சாயங்காலம் ராமேஸ்வரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி. வெளியூர்க் குடும்பங்கள் பலவும் மதுரையை இப்படித்தான் முடித்துக்கொள்கின்றன. அடுத்த முறை இன்னொரு நாள் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் காரணம், கீழடி. சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரைக்குப் பக்கம்தான். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர் கீறியிருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் நம் வழக்கத்துக்கு வயது அதிகம்! தந்தப் பகடைக்காயும் சுடுமண் வட்டுகளும் இருக்கும் இடத்தை விட்டுப் பிள்ளைகள் லேசில் நகர மாட்டார்கள்.

இரண்டாவது, மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி. ஏழு மலைகள் சூழ்ந்த கிராமம். தமிழிக் கல்வெட்டு, சமணர் குகைத்தளம், மலையைக் குடைந்த பாண்டியர் காலச் சிவன் கோயில், தலைக்கு மேலே வட்டமிடும் ராஜாளி என எல்லாம் ஒரே இடத்தில். தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுவட்டார மக்கள் விடவில்லை. வயலை விட்டுவிட்டு மதுரை வரை ஊர்வலம் போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆகவே, சும்மா கிடைத்த காட்சியல்ல இது. பிளாஸ்டிக் பாட்டிலைப் பாறையில் வீசிவிட்டு வராதீர்கள். காலை ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது.

மதிய வெயிலுக்கு ஒதுங்க, புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. தாத்தா பாட்டிக்கும் உட்கார இடமுண்டு.

இவ்வளவும் பார்த்துவிட்டு ராத்திரி மறுபடி கோயிலுக்கு வாருங்கள். சுந்தரேஸ்வரரின் பாதம் பல்லக்கில் ஏறி அம்மன் பள்ளியறைக்குப் போகும் நேரம் அது. தினமும் நடக்கிறது, பகலில் வந்து திரும்புகிறவர்கள் பார்ப்பதில்லை. மேளம், நாதஸ்வரம், சாம்பிராணிப் புகை. செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லாததால் கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டியிருப்பது ஒரு வகையில் நல்லதுதான்.

வெளியே வரும்போது மணி பத்தை நெருங்கியிருக்கும். கவலை வேண்டாம். மதுரையில் கறி தோசைக்கு அப்போதுதான் கல் காய்ந்திருக்கும்.