கால்வாய்க் கரையோரம் – 9: பதின்மூன்று மணி அடிக்கும் ஊர்

சென்ற வாரம் பார்ட்டனில், வயிறு நிறையத் தண்ணீரோடு சுழன்று கப்பலுக்கு வழிவிடும் இரும்புத் தொட்டிப் பாலத்தைப் பார்த்தோம். அங்கிருந்து பிரிட்ஜ்வாட்டர் கால்வாயைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தால் பட்ரிக்ராஃப்ட். 1830இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை இங்கேதான் கால்வாயைத் தாண்டுகிறது. ஒரு பக்கம் படகு, மறுபக்கம் ரயில் என்று கண்ட ஜேம்ஸ் நாஸ்மித், 1836இல் இந்த மூலையைத் தேர்ந்து தன் எந்திரத் தொழிற்சாலையைக் கட்டினார். நீராவிச் சம்மட்டி பிறந்த இடம். 1851 அக்டோபரில் விக்டோரியா அரசி ரயிலில் வந்து இறங்கியதும் இதே பட்ரிக்ராஃப்ட்தான். இறங்கியவர் குதிரைகள் இழுத்த அலங்காரப் படகில் ஏறி, வொர்ஸ்லி என்ற ஊருக்குப் போனார். அந்தத் தூரத்தை நான் நடந்தேன். அன்றைக்குக் கரை நெடுகக் கூட்டம் நின்றதாம். எனக்கு வாத்துகளும், நாயை உலாத்தக் கூட்டிவந்தவர்களும், மணியடித்து ஒதுங்கச் சொன்ன சைக்கிள்காரர்களும்.

மான்டன் என்ற குடியிருப்பைத் தாண்டியதும் கரையில் வீடுகள் குறைந்து மரங்கள் கூடுகின்றன. கால்வாய் ஒரு வளைவு எடுக்கிறது. எதிரே வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் பாவிய ஒரு கட்டடம். அதன் காலடியில் தண்ணீருக்குள் இறங்கும் படிகள். வொர்ஸ்லிக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் படமெடுப்பது இதைத்தான். பேக்கெட் ஹவுஸ் என்று பெயர். மான்செஸ்டருக்குப் பயணிகளை ஏற்றிச்சென்ற படகுகளுக்கு இங்கேதான் சீட்டு வாங்க வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்து வீடு என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கிறது. உண்மையில் கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டினுடையது. கறுப்பு வெள்ளை மரவேலையோ 1850 வாக்கில் மேலே போர்த்திய சட்டை. ஊரின் செல்வந்தர் குடும்பத்துக்கு அந்தப் பாணி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வொர்ஸ்லி முழுவதுமே ஏறக்குறைய இப்படித்தான். கண்ணுக்குப் பழசாகத் தெரிவதெல்லாம் பிந்தி வந்தது. நிஜமான பழசு தண்ணீருக்கு அடியிலும் மண்ணுக்கு அடியிலும் கிடக்கிறது. சால்ஃபோர்டு நகராட்சிக்குள் அடங்கிய, மான்செஸ்டரில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் வசிக்கும் பசுமையான புறநகர்க் கிராமம் இது. வீட்டு விலை அதிகம். ஆனால் இங்கே பார்க்கிற அமைதி ஆதியிலிருந்து இருந்ததல்ல. ஒரு பெரிய தொழிற்கூடம் மூடப்பட்ட பிறகு வந்தது.

அந்தத் தொழிற்கூடத்துக்கு வித்திட்டவர் பிரான்சிஸ் எகர்ட்டன், மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் கோமகன், 1736இல் பிறந்தவர். தகப்பனாரும் மூத்தவர்களும் அடுத்தடுத்து இறந்துபோக, பதினொரு வயதில் பட்டம் தலையில் வந்து விழுந்தது. சிறுவயதில் மந்தமான பிள்ளை என்றே வீட்டார் நினைத்தார்கள். அக்காலத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஐரோப்பாவைச் சுற்றிவர அனுப்பப்பட்டபோது, பிரான்சின் தெற்கே மிதி கால்வாயைப் பார்த்தார். லண்டனே வாய்பிளந்து பார்த்த அழகி எலிசபெத் கன்னிங்கோடு நிச்சயமாகி, 1758இல் அது முறிந்தது. மனிதர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு வேலைக்குக்கூடப் பெண்களை வைத்துக்கொள்ளவில்லை என்பார்கள். காதல் தோல்வியால்தான் கால்வாய் வெட்டினார் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் உருகுகின்றன. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவருக்கு இருந்தது நிலக்கரிப் பிரச்சினை.

வொர்ஸ்லியில் அவருடைய நிலத்துக்கு அடியில் கரி இருந்தது. மான்செஸ்டரில் அதை வாங்க ஆள் இருந்தது. இடையில் இருந்தது சேறும் சகதியுமான பாதை. பொதிக்குதிரைகள் முதுகில் ஏற்றிப் போய்ச் சேர்ப்பதற்குள் கரியின் விலை இரட்டிப்பாகிவிடும். போதாததற்குச் சுரங்கத்துக்குள் ஓயாத நீரூற்று. தண்ணீரை வெளியேற்றினால்தான் கரியை வெட்டமுடியும். கோமகனின் காரியஸ்தர் ஜான் கில்பர்ட் இந்தத் தொல்லைகளை ஒன்றாகச் சேர்த்து யோசித்தார். மலையடிவாரத்திலிருந்து ஒரு நீர்ச்சுரங்கம் குடைந்தால், உள்ளே ஊறும் தண்ணீர் தானாக வெளியே வடியும். வடிந்த தண்ணீர் கால்வாயை நிரப்பும். அதே சுரங்கத்தில் படகை உள்ளே விட்டால், கரி வெட்டும் இடத்துக்கே போய் ஏற்றிக்கொண்டு வரலாம். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

கால்வாயை வெட்ட ஜேம்ஸ் பிரிண்ட்லி வந்தார். ஆலைச் சக்கரங்கள் செய்து பழகியவர். எழுத்து அவ்வளவாக வராது. சிக்கலான கணக்கு ஏதேனும் வந்தால் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வார்; விடை கிடைத்த பிறகுதான் எழுந்து வருவார் என்று சொல்கிறார்கள். 1759இல் நாடாளுமன்றம் அனுமதித்த முதல் திட்டம் வேறு. மறு ஆண்டே அதை மாற்றி, இர்வெல் ஆற்றின் தலைக்கு மேலே கற்பாலம் கட்டி அதன்மீது கால்வாயைக் கொண்டுபோக அனுமதி வாங்கினார்கள். ஆற்றில் படகு, அதற்கு மேலே பாலத்தில் இன்னொரு படகு! ஆகாயக் கோட்டை என்று அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரே சிரித்தார். கற்பாலத்தில் தண்ணீர் நிற்குமா? களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மிதித்து, அடுக்கடுக்காக அப்பினால் நிற்கும் என்று பிரிண்ட்லி காட்டினார். 1761 ஜூலை 17 அன்று முதல் படகு பாலத்தைக் கடந்தது. மான்செஸ்டரில் கரி விலை பாதியாக இறங்கியது. நாடெங்கும் கால்வாய்ப் பித்து பிடித்தது அதற்குப் பிறகுதான். செயின்ட் ஹெலன்ஸ் பக்கம் 1757இல் திறந்த சாங்கி கால்வாயே மூத்தது என்று வாதிடுவோர் உண்டு; ஆண்டுக் கணக்கில் அது சரி. ஆனால் அது ஓடைப் பள்ளத்தாக்கை ஒட்டியே போனது. ஆற்றைத் தாண்டிப் போகும் துணிச்சல் வொர்ஸ்லிக்காரர்களுடையது.

பேக்கெட் ஹவுஸிலிருந்து சாலையைக் கடந்து கொஞ்சம் நடந்தால் டெல்ஃப். பழைய கல்குவாரி. செங்குத்தான மணற்பாறைச் சுவர், அதன் அடியில் தேங்கிய நீர், பாறையில் இரண்டு தாழ்ந்த வாய்கள். ஒருவர் கவனிக்காமல் கடந்துபோய்விடலாம். நானும் சிறிதுநேரம் அதை யாரோ வீட்டுத் தோட்டத்துக் குளம் என்றே பார்த்துக்கொண்டு நின்றேன். அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகுதான் முதுகு சிலிர்த்தது. அந்த வாய்களுக்குள் நான்கு மட்டங்களில் 46 மைல் நீர்ச்சுரங்கம் போகிறது. கோமகன் மேலே வெட்டிய கால்வாய் முழுவதையும் சேர்த்தாலே ஏறத்தாழ 40 மைல்தான். கால்நடையாக வந்த எனக்கு, காலுக்குக் கீழே இன்னொரு கால்வாய், அதற்கும் கீழே வேறொன்று என்று நினைக்கவே கிறுகிறுத்தது.

உள்ளே ஓடிய படகுகள் ஒடுக்கமானவை, நீளமானவை. உள்பக்கம் பலகை போர்த்தாமல் விலாச்சட்டங்கள் துருத்திக்கொண்டிருந்ததால் தொழிலாளிகள் அவற்றைப் பட்டினிப் படகுகள் என்று பொருள்படும் ஸ்டார்வேஷனர் என்ற பெயரால் அழைத்தார்கள். சுரங்கத்துக்குள் குதிரைக்கு ஏது இடம்? சுவரில் பதித்த கொக்கிகளையும் வளையங்களையும் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து படுத்துக் கூரையைக் காலால் உதைத்து நகர்த்தினார்கள். உள்ளே மதகு கட்டித் தண்ணீரைத் தேக்கி, திறந்துவிட்டு, அந்த வெள்ளத்தோடு படகு வரிசையை வெளியே அனுப்பினார்கள். 1797இல் இரண்டு மட்டங்களை இணைக்க, நிலத்துக்கு உள்ளேயே ஒரு சரிவுப் பாதை போட்டார்கள்: கரி நிறைந்த படகு சரிவில் இறங்கும்போது அதன் பாரமே காலிப் படகை மேலே இழுத்துவிடும். வெளியே இப்படியொரு விந்தை இருந்திருந்தால் உலகமே வந்து பார்த்திருக்கும்.

இந்த விந்தையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த இருட்டில் கரியைச் சுமந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். பெண்களும் பத்து வயது நிரம்பாத சிறுவர்களும் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 1842இல்தான். டெல்ஃபின் பாறைச் சுவரையும் பாசியையும் ரசித்துக்கொண்டு நிற்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

சுரங்கத்துக்குள் படகுப் போக்குவரத்து 1887இல் நின்றது. ஆனாலும் அக்கம்பக்கத்துச் சுரங்கங்களின் நீரை அந்த வழியாகத்தான் 1968 வரை வடியவிட்டார்கள். அதன் பிறகும் நீர் தானாக வடிந்துகொண்டுதான் இருக்கிறது. வொர்ஸ்லியின் கால்வாய் நீர் ஆரஞ்சு நிறம் என்று புகழ்பெற்றது அதனால்தான். கரிப்படுகையோடு கலந்திருக்கும் இரும்புக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டுக் கரைகின்றன. கரைந்த இரும்பு வெளிக்காற்றைக் கண்டதும் துருவாகப் படிகிறது. சுத்திகரிப்புத் திட்டம் ஒன்று வந்தபின் நிறம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊருக்கு அது நல்லது. நான் போன அன்றைக்கு டெல்ஃபின் ஓரத்தில் மட்டும் காவி மங்கலாகத் தெரிந்தது. பார்த்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். இத்தனை அலங்காரத்துக்கு நடுவே அந்தக் காவி ஒன்றுதான் மேக்கப் போடாமல் இருந்தது.

அலங்காரத்தின் உச்சம் வொர்ஸ்லி கிரீன். பெரிய புல்வெளி, நாற்புறமும் மரச்சட்ட வீடுகள், பூந்தொட்டிகள், பெஞ்சில் ஐஸ்கிரீம் சாப்பிடும் குடும்பங்கள். காலண்டரில் வரும் இங்கிலாந்து. இந்த இடத்தின் பழைய பெயர் வொர்ஸ்லி யார்டு. தச்சர், கொல்லர், படகு கட்டுவோர் என்று கால்வாய்க்கும் சுரங்கத்துக்கும் வேண்டிய அத்தனை பட்டறைகளும் இங்கே புகைந்துகொண்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கி, புல் பாவி, சுற்றிலும் வீடு கட்டினார்கள். பணிமனைப் புகைபோக்கியின் அடிப்பகுதியை மட்டும் விட்டுவைத்து, லத்தீன் வரிகள் பொறித்து, கோமகனுக்கு நினைவுச் சின்னமாக்கினார்கள். புகைபோக்கியையே சிலையாக்கிய ஊர் என்ற வகையில் வொர்ஸ்லி மேல் எனக்கு மரியாதை கூடியது.

யார்டின் கடிகாரத்துக்கும் ஒரு கதை. மதிய இடைவேளை முடிந்து தொழிலாளிகள் தாமதமாக வருவதைக் கோமகன் பார்த்தார். கேட்டால், பன்னிரண்டு அடித்தது கேட்கிறது, ஒன்று அடித்தது காதில் விழவில்லை என்றார்கள். நியாயமான சாக்கு! அவர் கடிகாரத்தைத் திருத்தி, ஒரு மணிக்குப் பதின்மூன்று அடிக்கச் செய்தார். யார்டு போனபின் கடிகாரம் செயின்ட் மார்க் தேவாலயக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தது. கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் வடித்த 1846ஆம் ஆண்டுக் கோயில் அது. இன்றும் பகல் ஒரு மணிக்குப் பதின்மூன்று அடி. அந்தச் சத்தம் கேட்க வேண்டுமானால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ஏனென்றால் தேவாலயத்தை உரசியபடி எம்60 நெடுஞ்சாலை இரைகிறது. வெளியேறும் வழியின் எண்ணும் பதின்மூன்று! யாரோ வேண்டுமென்றே செய்த குறும்பு போலிருந்தாலும், வெறும் தற்செயல்தான்.

எழுத்துப் பாலத்தையும் பார்த்துவிட்டேன். கால்வாயின் மேல் ஒரு சின்ன மரப்பாலம், 26 பலகைகள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பலகைக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு கடப்பார்களாம். பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மீண்டும் கால்வாய்ப் பாதையில் மேற்கே நடந்தால் பூத்ஸ்டவுன். போகும் வழியில் வலப்புறம் ஒரு காலத்தில் வொர்ஸ்லி நியூ ஹால் நின்றது. எட்வர்டு ப்ளோர் வரைந்து 1840களில் எழுந்த மாளிகை; விக்டோரியா அரசி படகில் வந்து தங்கியது இங்கேதான். முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவமனையாக இருந்தது, பிறகு கவனிப்பாரற்றுச் சிதைந்து, 1940களில் இடித்துத் தள்ளப்பட்டது. காடு மண்டிய அந்த 154 ஏக்கரை ராயல் தோட்டக்கலைச் சங்கம் (ஆர்எச்எஸ்) எடுத்துக்கொண்டு, 2021 மே மாதம் பொதுமக்களுக்குத் திறந்தது. மதில் சூழ்ந்த பழைய காய்கறித் தோட்டமே 11 ஏக்கர். மதிலோரம் பழமரங்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டிப் பரப்பியிருக்கிறார்கள். சீன பாணியில் ஓர் ஓடைத் தோட்டம். பழைய மாளிகையின் மேடைகளில் காட்டுச்செடிகள் அப்படியே. சீட்டு வாங்கிப் போகவேண்டிய இடம்தான், ஆனாலும் அரைநாளுக்குக் குறைந்து வெளியே வர மனம் வராது.

தோட்டத்துக்கு ஆர்எச்எஸ் கார்டன் பிரிட்ஜ்வாட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோமகனைப் பற்றி அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை லண்டனிலிருந்து வொர்ஸ்லிக்குத் திரும்பியவர், தான் இல்லாத சமயம் பார்த்து யாரோ பூச்செடிகள் நட்டிருப்பதைக் கண்டார். கைத்தடியால் ஒவ்வொரு பூவின் தலையையும் விளாசித் தள்ளிவிட்டு, செடிகளை வேரோடு பிடுங்கச் சொன்னாராம். பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அடுத்த வாரம் லீ நகர் வரை போகிறோம். கரி வெட்டி வெட்டி அங்கே நிலமே தாழ்ந்துபோனது. கால்வாய் மட்டும் கரையை உயர்த்திக்கொண்டு, வயல்களுக்கு மேலே உயரத்தில் ஓடுகிறது.

(தொடரும்)