ஐகான் ஏன் மங்குகிறது?

புது மடிக்கணினி வாங்கியவர்கள் முதல் வாரமே கேட்கும் கேள்வி இது: "எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த ஒரு மென்பொருள் மட்டும் ஏன் மங்கலா தெரியுது?" குறை திரையில் இல்லை. அந்த மென்பொருள் பழைய கணக்கில் எழுதப்பட்டது.

1984-இல் வந்த மேகிண்டாஷ் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். கட்டம் போட்ட தாளில் 32-க்கு 32 கட்டங்களுக்குள் அதன் ஐகான்களை வரைந்தவர் சூசன் கேர். விண்டோஸ் அங்குலத்துக்கு 96 என்று வைத்துக்கொண்டது. நிரல் எழுதுபவர்களும் 'பொத்தானின் அகலம் 80 பிக்சல்' என்று எண்ணிக்கையாகவே எழுதிப் பழகிவிட்டார்கள். 2012-இல் ரெட்டினா திரையோடு மேக்புக் புரோ வந்தது. 15 அங்குலத் திரையில் 1440-க்கு 900 இருந்த இடத்தில் 2880-க்கு 1800. ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நான்கு. பழைய 80 பிக்சல் பொத்தானை அப்படியே வரைந்தால் பாதியாகச் சுருங்கிவிடும்.

அதனால், இப்படிப் பிக்சல் அடர்ந்த திரையில், 'எனக்கு இந்தத் திரை பழக்கம்' என்று தன் நிரலில் அறிவிக்காத மென்பொருளை, விண்டோஸ் பழைய அளவிலேயே வரையவிட்டு, வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. மங்கல் அந்த இழுப்பில் வருவது. திரையின் பெரிதாக்கும் அளவு 150 சதவீதம் என்றால், ஒரு பிக்சல் கோடு ஒன்றரைப் பிக்சல் ஆக வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் சாம்பல் நிறம் பூசப்படுகிறது. தமிழ் எழுத்தில் இது உடனே கண்ணை உறுத்தும். 'க்' மேலுள்ள புள்ளி கரைந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'ண'வின் சுழிகள் அடைபட்டு 'ன'வோ என்று தோன்றும்.

மென்பொருள் அப்படி அறிவித்துவிட்டால், எழுத்துக்காவது எழுத்துரு இருக்கிறது, எந்த அளவுக்கும் புதிதாக வரைந்து தரும். ஐகானுக்கு அந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை. சிறியதைப் பெரிதாக்கினால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. பெரியதைச் சுருக்கினாலும் சரிவராது: 256 பிக்சலில் அழகாகத் தெரியும் கோப்புறையின் காகித மடிப்பு 16 பிக்சலில் வெறும் அழுக்குத் திட்டு. அதனால்தான் விண்டோஸின் ஒரே ஐகான் கோப்புக்குள் 16, 32, 48, 256 என்று பல படங்கள் வைக்கிறார்கள். கோடும் வளைவுமாகச் சேமிக்கும் எஸ்விஜி பெரிய அளவுகளுக்கு நல்ல தீர்வு. ஆனால் 16-க்கு, மடிப்பை நீக்கி, விளிம்பைத் தடிமனாக்கி, கையால் தனியாக வரைந்ததற்கு ஈடு இல்லை என்பதே என் தீர்ப்பு.

மென்பொருள் எழுதுபவர்களே, வெளியிடும் முன் 125, 150, 200 சதவீதத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். பயன்படுத்துபவர்கள் அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: விண்டோஸ் 10, 11-இல் மங்கலான மென்பொருளின் குறுக்குவழி மீது வலது கிளிக் செய்து, பண்புகளில் இணக்கத்தன்மைப் பகுதிக்குப் போனால், உயர் டிபிஐ அமைப்பை மாற்றும் பொத்தான் இருக்கும்.