வயிரமும் வெளிறும்: உத்தரம் செதுக்கும் தொழில்

நடு அந்தமானின் வடபகுதியில் அமைந்த மாயாபந்தர், காட்டுத் தொழிலோடு வளர்ந்த ஊராகும். 1925இல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்கென வந்த கரேன் மக்கள் இதனருகே வெபியில் குடியமர்ந்தனர். படாக் இத்தீவுகளின் புகழ்பெற்ற மரமாகும்.

உருண்டைத் தடியைக் கோடரியால் உத்தரமாக்கும் முறை நான்கு நிலைகளை உடையது. முதலில் பட்டையை உரித்து, தடியின் நீளத்திற்குச் சாய நூல் அடிப்பர். பின்னர், இடைவெளி விட்டு, அக்கோட்டின் ஆழம் வரை குறுக்கே வெட்டுவர். வெட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியைச் சிம்புகளாகப் பெயர்த்தெடுப்பர். இறுதியில் வாய்ச்சியால் முகத்தைச் சமன் செய்வர்.

இவ்வாறு நீங்குவது பெரும்பாலும் புறத்தேயுள்ள வெளிறு, எஞ்சுவது வயிரம். வெளிற்றில் மாவுப்பொருள் மிகுதலின் பூச்சிகள் எளிதில் துளைக்கும். எனவே செதுக்குதல் வடிவம் தருவதோடு மரத்திற்குக் காப்பும் ஆகிறது, சுமையும் குறைகிறது. அகத்தே காழ், அஃதாவது வயிரம், உடையதையே மரம் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

2002இல் உச்சநீதிமன்றம் இத்தீவுகளின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. காட்டிற்கு அஃது அரண். ஆயினும், கைத்தொழில் அருகுங்கால் வெளிறு, வாய்ச்சி முதலிய சொற்களும் வழக்கிழக்கும். தொழிலறிந்தோர் உள்ளபோதே அவற்றைத் தொகுத்தல் அகராதியியலார் கடனாகும்.