சென்னை நகரத்தின் குப்பை

சென்னை நகரசபை 1688-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வயது சென்ற இச்சபை, தன் எல்லையில் சேரும் குப்பையை என்ன செய்வது என்னும் கேள்விக்கு இன்னும் தகுந்த விடை காணவில்லை. 2011-ல் நகரத்தின் விஸ்தீரணம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகிற்று. நாள்தோறும் சேரும் குப்பை இப்போது 5,000 டன்னுக்கு மேற்பட்டது. அதை வாரி லாரியில் ஏற்றி, வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் கொட்டுவதே நெடுங்கால வழக்கமாக இருந்துவந்திருக்கிறது.

இதைத் துப்புரவு என்று சொல்வது பொருந்துமா? ஒருவர் வாசலிலுள்ள அழுக்கை மற்றொருவர் வாசலுக்கு மாற்றுவது துப்புரவாகாது. கொடுங்கையூரைச் சுற்றி வாழும் உழைப்பாளி ஜனங்கள், நகரம் முழுவதும் செய்த அசட்டைக்குத் தங்கள் சுவாசத்தால் வரி செலுத்துகிறார்கள். பெருங்குடி மேடோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் எழுந்தது. 2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அது தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. அதே வருஷத்தில்தான் அச்சதுப்புநிலம் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்றது!

இவ்வளவு தீங்குக்கும் மூலகாரணம் கலப்பே. சோறும் காய்கறித் தோலும் தனியே இருந்தால் சில வாரங்களில் எருவாகும். காகிதமும் தகரமும் கண்ணாடியும் தனியே இருந்தால் விலைபோகும். இரண்டையும் ஒன்றாகக் குவித்தால் எருவும் இல்லை, விலையும் இல்லை. அடியில் காற்றுப் புகாமல் அழுகி, எளிதில் தீப்பற்றும் மீதேன் வாயு உண்டாகிறது. மழைநீர் அதனூடே இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்பாரும் உளர். ஈரம் மிகுந்த நமது குப்பை எளிதில் எரியாது; எரிந்தாலும் சாம்பலும் புகையும் யார் தலையிலாவது விழவேண்டியவையே.

குப்பையை வீட்டிலேயே பிரிக்கவேண்டுமென்று 2016-ஆம் வருஷத்து விதிகள் கட்டளையிட்டன. "நம் ஜனங்கள் இதற்குப் பழகமாட்டார்கள்" என்று அதிகாரிகள் சொல்லுவதுண்டு. "நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே" என்று ஜனங்கள் சொல்லுவதுண்டு. இரண்டாவது முறையீடு நியாயமானது. பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசெல்லும் வண்டி வராதவரையில், இல்லத்தரசியின் சிரமம் வீண் சிரமமே.

பிரிப்பதற்குச் செலவாகும் என்பது மற்றோர் ஆக்ஷேபம். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்துத் தரம் பிரிக்கும் வேலை கோடிக்கணக்கான ரூபாயில் மேற்கொள்ளப்பட்டதை இவர்கள் அறியாரா? அன்றன்று வாசலில் இரு கூடைகளைக்கொண்டு முடித்திருக்கவேண்டிய காரியமல்லவா அது!

ஆகவே நகரசபை முதலில் தன் கடமையைச் செய்யட்டும். தனித்தனி வண்டிகளும், வார்டுதோறும் எருக்கிடங்கும், துப்புரவுத் தொழிலாளருக்குத் தக்க ஊதியமும் பாதுகாப்பும் ஏற்படட்டும். அதன்பின் பிரித்துக் கொடாத வீட்டாருக்கு அபராதம் விதித்தாலும் நாம் ஆக்ஷேபியோம். தன் அழுக்கை ஏழையின் வாசலில் ஒதுக்கிவிட்டு எந்த நகரமும் சுத்தமான நகரமென்று பெயர் பெற முடியாது.